மாடி அறைக் கணினியும் இரண்டாம் சர்வரும்

போன மாதம் பிரின்ஸி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கண்டெய்னர் யார்டில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நல்ல பிள்ளை, வேலையில் கெட்டி. ஒரே குறை, எதையாவது கோணலாகப் பார்த்துவிட்டால் அதை நிமிர்த்தாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

“அக்கா, எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்துதோம்லா. ஒவ்வொரு கம்ப்யூட்டரா எந்த சர்வரப் பாக்குதுன்னு சரிபாத்துக்கிட்டு வாரேன். மேல மேனேஜர் ரூம் கம்ப்யூட்டர் மட்டும் மெயின் சர்வர விட்டுட்டு ஸ்டாண்ட்பையப் பாத்துக்கிட்டு கெடக்கு. யாரோ தப்பா போட்டுருக்காவ. சரி பண்ணிரட்டுமா?”

எனக்கு வந்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

“தொடாத,” என்றேன். “மொதல்ல மேனேஜர்ட்ட கேளு. என்ன சொல்லுதாவன்னு எனக்குச் சொல்லு. அதுவரைக்கும் கை வைக்காத.”

“ஏன் அக்கா? அது தப்புதான?”

தப்பா சரியா என்று போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிரின்ஸி படிக்கட்டும். கூடவே, ஸ்டாண்ட்பை சர்வர் என்றால் ஏதோ தூங்குகிற பெட்டி என்று நினைக்கிறவர்களும் படிக்கட்டும்.

நான் சாயர்புரத்துக்காரி. அங்கேயே கல்லூரியில் கணக்குப் படித்தேன். பிறகு பாளையங்கோட்டையில் கொஞ்சம் கம்ப்யூட்டர். யார்டில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்து, கேட்டுக்குள் நுழைகிற லாரிகளின் எண்ணை அடித்துக் கொண்டிருந்தவள், கெட்டுப்போனதையெல்லாம் சரிசெய்து சரிசெய்தே டேட்டாபேஸ் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். பிள்ளைகள் இரண்டும் இங்கே பள்ளிக்கூடத்தில். ‘மாற்றல்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தூக்கம் போய்விடும். இதை மட்டும் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை இதில்தான் தொங்குகிறது.

எங்கள் யார்டின் வேலை எளிது. வெளிநாட்டுக்குப் போகிற கண்டெய்னர்கள் எங்களிடம் வந்து காத்திருக்கும். கப்பலுக்கு ஒரு கடைசி நேரம் உண்டு. அதற்குள் டிரெய்லர்கள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எது முன்னே, எது பின்னே என்கிற வரிசை டேட்டாபேஸில் இருக்கும். வந்த வரிசைதான் போகிற வரிசை. அந்த நேரத்தைத் தவறவிட்ட பெட்டி அடுத்த கப்பல் வரை வெயில் காய வேண்டியதுதான்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் பெயர் மிக்கேல். கடிதத்தில் மட்டும் சார், மற்ற நேரமெல்லாம் எல்லாருக்கும் அண்ணாச்சி. தோணிக்காரக் குடும்பம். அவருடைய அப்பா தோணியில் தண்டல், அதாவது தலைமை மாலுமி. மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்குக் கொண்டுபோனவர். அண்ணாச்சி ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. குரல் எவ்வளவு தணிகிறதோ அவ்வளவு ஆபத்து என்று அர்த்தம். ஏதாவது முக்கியமாகப் பேசும்போது நம்மைப் பார்க்கமாட்டார், தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்ப்பார். அவர் ஃபேனைப் பார்த்துவிட்டால் நாங்கள் தரையைப் பார்ப்போம்.

அவருக்கு இரண்டு குணம். முதலாவது, எந்தப் பொருளும் சும்மா கிடக்கக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் ஒன்று நிழலில் நின்றால்கூட, “இன்னைக்கு என்ன ஞாயித்துக்கிழமையா?” என்று கேட்டுக்கொண்டே போவார். அவர் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அந்த ஒருநாள் தவிர மற்ற நாளில் ஓய்வு என்பதே பாவம்.

இரண்டாவது குணம்தான் எங்களுக்குத் தலைவலி. அவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. அதுவும் கொம்பாதிரிகளிடம் சுத்தமாக வராது. ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தகப்பனாக நின்றவரும், பிள்ளையைப் பெற்றவரும் ஒருவரையொருவர் கொம்பாதிரி என்று கூப்பிடுவார்கள். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். எங்கள் சாயர்புரத்திலும் ஞானத்தகப்பன் உண்டு, ஆனால் அன்றைக்குக் கேக் சாப்பிட்டுக் கைகழுவியதோடு சரி. இந்தக் கடற்கரைக்காரர்களிடம் அது கூடப் பிறந்த உறவை விடக் கெட்டியாக நிற்கும். அண்ணாச்சியோ கடற்கரையில் பாதிப் பிள்ளைகளை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தியவர். ஆக, ஏற்றுமதி செய்கிறவர்களில் பாதிப் பேர் அவருக்குக் கொம்பாதிரி.

ஒரு கொம்பாதிரி, முந்திரியில் செய்த மக்ரூன் இனிப்பு டப்பாவோடு மாடிக்கு ஏறுவார். இறங்கும்போது அவருடைய கண்டெய்னர் வரிசையில் முன்னால் வந்திருக்கும். அண்ணாச்சி தம் கணினியிலேயே எண்ணை மாற்றிவிடுவார். மேனேஜர் ஆயிற்றே, எல்லா மெனுவும் திறக்கும். கீழே என்ன நடக்கும்? அந்தப் பெட்டி அடுக்கின் அடியில் இருக்கும். அதன் மேலே கிடப்பதையெல்லாம் கிரேன் தூக்கி இறக்க வேண்டும். டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். வரிசையின் கடைசியில் நின்ற ஏதோ ஓர் அப்பாவியின் பெட்டி கப்பலைத் தவறவிடும். அவருக்கு ஒரு கடிதம் போகும். ‘கம்ப்யூட்டர் கோளாறு காரணமாக’ என்று தொடங்கும் கடிதம். கையெழுத்து நான் போட வேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டர் என்னுடையது.

அந்த வார்த்தைகளை நான் வெறுத்தேன். என் கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, “ஓங்க கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கிடுமாமே?” என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்பார்கள்.

எனக்கு முன்னால் சிஸ்டம் பிரிவைப் பார்த்தவர் ஜெயசீலன். அவர் ஒருநாள் துணிந்து, அண்ணாச்சி வரிசையை மாற்ற முடியாதபடி அவருடைய அனுமதியை எடுத்துவிட்டார். அந்த வாரமே குஜராத் கிளைக்கு மாற்றல் வந்தது. அண்ணாச்சி குரலைக்கூட உயர்த்தவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு, “அங்கன நல்ல ரொட்டி கிடைக்கும்,” என்றாராம். ஜெயசீலனுக்குச் சோறுதான் பிடிக்கும்.

இந்த நிலைமையில்தான் நான் ஸ்டாண்ட்பை சர்வர் கேட்டுப் போனேன். எங்கள் யார்டுக்கு ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் நிலக்கரி. சர்வரின் பின்பக்கத்து இணைப்புகளெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். என்றைக்காவது அது படுக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

“இன்னொண்ணா?” என்றார் அண்ணாச்சி. “ரெண்டும் என்ன செய்யும்?”

“ஒண்ணு வேல பாக்கும் அண்ணாச்சி. மத்தது, அதுல நடக்கத எல்லாத்தையும் அப்பமே வாங்கித் தனக்குள்ள எழுதிக்கிட்டே இருக்கும். மொதலாவது படுத்துட்டா இது எழும்பி நிக்கும்.”

“அதுவரைக்கும்?”

“காத்துக்கிட்டு இருக்கும்.”

“சும்மாவா?”

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று, “தோணில சுக்கான் பிடிக்க ரெண்டாவது ஆள் இருப்பான்லா, அதே மாதிரி,” என்றேன்.

“இருப்பான். ஆனா அவன் சோறும் பொங்குவான்.” ஃபேனைப் பார்த்தார். “வாங்கிக்க. ஆனா அதுக்கு ஒரு வேலையும் கண்டுபிடி.”

வாங்கினேன். யார்டின் மறுகோடியில், இரண்டாவது கேட் அருகே பழைய உப்பு ஆபீஸ் ஒன்று காலியாகக் கிடந்தது. தீயோ வெள்ளமோ வந்தால் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது என்பதற்காக அங்கே வைத்தேன். இப்போது கிளவுடில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஸ்டாண்ட்பை பிறந்துவிடுகிறதாம். நாங்கள் பெற்றுத்தான் எடுத்தோம்.

இரண்டிலும் ஒரே டேட்டாபேஸ், ஒரே பதிப்பு. புள்ளிக்குப் பிறகு வருகிற எண்ணைக்கூட ஒத்துப் பார்த்தேன். முதல் சர்வரில் ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு லாக்கில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கிற பதிவேட்டில், எழுதப்படும். அந்த லாக்கை வெளியே அனுப்பு என்று அதன் அமைப்பில் சொன்னேன். இதற்கென்றே ஒரு பயனரை உண்டாக்கி, லாக்கை வாங்கிப் போவது தவிர வேறெதற்கும் அவனுக்கு அனுமதி இல்லாமல் செய்தேன். இரண்டாவது சர்வரின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் கதவைத் திற என்று எழுதினேன். பிறகு, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே முதலாவதை முழுசாக நகலெடுத்து இரண்டாவதில் இறக்கினேன். நகல் எடுக்கிற நேரத்தில் நடந்த மாற்றங்கள் லாக்கில் தொடர்ந்து வந்து சேரும். கடைசியாக, ‘நீ ஸ்டாண்ட்பை, உன் தலைவன் அங்கே இருக்கிறான்’ என்று சொல்லுகிற சின்னக் கோப்பை வைத்து இரண்டாவதை எழுப்பினேன்.

முதலாவதில் ஒரு லாரி எண்ணை அடித்துவிட்டு இரண்டாவதின் திரையைப் பார்த்தேன். நான் கழுத்தைத் திருப்புவதற்குள் அங்கே வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை முதல் தடவை அம்மா என்றபோதுகூட நான் அவ்வளவு கலங்கவில்லை, அது அப்பாவைக் கூப்பிட்டபிறகுதான் என்னைக் கூப்பிட்டது.

அண்ணாச்சியை அழைத்து வந்து காட்டினேன். “இங்கன ஒண்ண அழி,” என்றார். அழித்தேன். அங்கேயும் போயிற்று. “அப்பம் நாம பண்ணுத முட்டாள்தனத்தையும் சேத்து எழுதுமா?”

“எழுதும் அண்ணாச்சி. அதுக்குத்தான் தினமும் தனியா பேக்கப் எடுக்கோம். இது அதுக்குப் பதில் இல்ல.”

அவர் கேட்ட அந்தக் கேள்வியைப் படித்த பொறியாளர்கள் எத்தனையோ பேர் கேட்டதில்லை.

இரண்டாவது சர்வருக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் படிக்கலாம், எழுத முடியாது. யார் எழுத வந்தாலும் மறுத்துவிடும். எழுதுகிற உரிமை தலைவனுக்கு மட்டும்தான். இல்லாவிட்டால் இரண்டும் வேறுவேறு கதை சொல்ல ஆரம்பித்துவிடும்.

அந்த வருடம் கோயில் திருவிழா வந்தது. இரண்டாவது கேட் அருகே ஒரு மாதா கெபி, குகை மாதிரி கட்டிய சின்னக் கோயில், உண்டு. ஒருநாள் முதல் சர்வரின் டிஸ்க் நிரம்பப் போகிறது என்று எச்சரிக்கை வந்தது. அதை நிரப்புகிற அளவுக்கு யார்டில் வேலையே நடக்கவில்லை. தேடிப் பார்த்தால், இரண்டாவது சர்வர் லாக்கை வாங்க வரவேயில்லை. அது வரும் வரைக்கும் எதையும் அழிக்கக் கூடாது என்று முதலாவதுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். பாவம், வராத விருந்தாளிக்குச் சோறு எடுத்து எடுத்து வைத்து, வீடே நிரம்பிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். உப்பு ஆபீஸ் இருட்டாக இருந்தது. கெபி சீரியல் லைட்டில் ஜொலித்தது. சர்வரின் பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் லைட்டைச் சொருகியிருந்தார் வாட்ச்மேன் சவரிமுத்து.

“என்ன அண்ணே இது?”

“மாதாவுக்கு லைட்டு வேண்டாமாம்மா?”

மாதாவின் லைட்டைப் பிடுங்க நான் யார்? கேட்டிலிருந்து தனி வயர் இழுத்து சர்வரை எழுப்பினேன். விட்ட இடத்திலிருந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டு அது முதலாவதை எட்டிப் பிடித்தது. விஷயம் மாடிக்குப் போயிற்று. அண்ணாச்சி தணிந்த குரலில் கேட்டார். “திருவிழா முழுக்க அது செத்துக் கெடந்திருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆவலையே எஸ்தரு? அதுக்கு ஒரு வேல கண்டுபிடின்னு சொன்னேன்லா?”

அப்போதுதான் என் மூளைக்குள் ஒரு பல்பு எரிந்தது. அதற்கும் மாதாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது.

“அண்ணாச்சி, ரிப்போர்ட் எல்லாம் இனி ரெண்டாவதுலருந்து எடுத்துக்கிடுவோம். மெயின் சர்வருக்குப் பாரம் குறையும். ஒங்க ரூம் கம்ப்யூட்டர்ல முக்கால்வாசி ரிப்போர்ட்தான பாக்கிய? அதையும் அதுக்கே மாத்திருதேன்.”

“செய்யி,” என்றார்.

அவருடைய கணினியில், எந்த சர்வரிடம் பேச வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி இருக்கும். அதை இரண்டாவதின் முகவரிக்கு மாற்றினேன். அனுமதி எதையும் நான் எடுக்கவில்லை. எல்லா மெனுவும் முன்போலவே திறக்கும். வரிசை தெரியும், எண்ணை மாற்றி அடிக்கலாம், என்டர் தட்டலாம். தட்டினால் மட்டும், ‘இந்த மாற்றத்தை இப்போது பதிவு செய்ய இயலவில்லை’ என்று ஒரு பெட்டி வரும். ஆங்கிலத்தில் முரட்டுத்தனமாக வந்த செய்தியை நான்தான் மரியாதையான தமிழில் மாற்றி வைத்தேன். ஜெயசீலன் கதவைப் பூட்டினார். நான் கதவைத் திறந்தே வைத்து, அதன் பின்னால் சுவர் எழுப்பினேன்.

அடுத்த கொம்பாதிரி வந்துபோனதும் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. போகிற வழியெல்லாம் குஜராத்து ரொட்டி நினைவுக்கு வந்தது.

“ஏளா, ஏற மாட்டேங்கு.”

டாக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு மவுசை இரண்டு தடவை அசைத்தேன். “லைன்ல ஏதோ பிரச்சனை அண்ணாச்சி. பாக்கேன்.”

ஃபேனைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “சரி. ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா பாரு,” என்றார்.

எதற்கும் அவசரப்படுத்துகிற மனிதர் அவசரமில்லை என்கிறாரே என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தப்பித்த சந்தோஷத்தில் படியிறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு வரிசை வரிசையாகவே இருந்தது. கோளாறுக் கடிதம் எழுதுவது நின்றது. கல்யாண வீடுகளில் சாம்பார் மட்டும் ஊற்றினார்கள். ஆனாலும் மாடியிலிருந்து போன் மணி அடித்தாலே எனக்குத் திக்கென்று இருக்கும். தெரிந்துவிட்டால் மாற்றல், மாற்றல் என்றால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீடு, எல்லாம் தலைகீழ். இந்தப் பயத்தோடு சில வருடம் ஓட்டினேன்.

ஒருநாள் காலை, கப்பலின் கடைசி நேரம் நெருங்கிக் கொண்டிருந்தது. டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. கேட்டிலிருந்து சத்தம். “அக்கா, அப்படியே நிக்கு.” எடைமேடையிலிருந்தும் அதே சத்தம். சர்வர் அறைக்குள் போனதும் தெரிந்துவிட்டது. டிஸ்க்குகளைக் கட்டி ஆள்கிற கார்டை உப்பு தின்றிருந்தது.

இந்த இடத்தில் கை பரபரக்கும். பரபரக்கக் கூடாது. பிரின்ஸி, இதைக் கவனமாகப் படி. எல்லாப் பிரிவுக்கும் போன் போட்டு எதையும் அடிக்காதீர்கள் என்று சொன்னேன். அடுத்து, முதலாவது உண்மையிலேயே செத்துவிட்டதா, மயங்கிக் கிடக்கிறதா என்று பார்த்தேன். மயங்கியது பாதியில் எழுந்து நானும் தலைவன் என்று சொன்னால் எல்லாம் நாசம். அதனால் அதன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன், பிறகு கரண்டையும் பிடுங்கினேன். இரண்டாவது கேட்டுக்கு ஓடினேன். அது கடைசியாக வாங்கிய மாற்றம் எது என்று பார்த்து, கேட்டில் கடைசியாக அச்சடித்த சீட்டோடு ஒப்பிட்டேன். ஒரு லாரிகூட விட்டுப்போகவில்லை. அதன்பிறகுதான் அந்த ஒற்றை வரிக் கட்டளையை அடித்தேன். இனி நீயே தலைவன், எழுதிக்கொள். முதலாவதின் முகவரியையும் இதற்கே கொடுத்தேன். கேட், எடைமேடை, கிரேன் எல்லாம் பழைய முகவரியைத் தேடி வந்து, ஆள் மாறியது தெரியாமல் வேலையைத் தொடர்ந்தன. முதல் டிரெய்லர் நகர்ந்தது. சவரிமுத்து கைதட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது, நான் சிரித்ததைப் பார்த்துத் தட்டினார்.

நான் சிரித்தது அதோடு சரி. அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. மாடி அறைக் கணினி பேசிக்கொண்டிருப்பது இரண்டாவதோடு. இரண்டாவது இப்போது எழுதும்.

யார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என் வயதில் யாரும் அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். வழியில் வாசலில் ஒரு கார் நின்றது. தஸ்நேவிஸ் அண்ணாச்சியின் கார். கொம்பாதிரிகளிலேயே பெரிய கொம்பாதிரி, கடல் உணவு ஏற்றுமதியில் பெரிய கை. அவருடைய பெட்டி அன்று தாமதமாக வந்து வரிசைக்கு வெளியே நின்றது. வரிசையின் கடைசி இடத்தில் இருந்தது கீழவைப்பார் சூசையின் பெட்டி. சின்ன ஆள், நண்டு அனுப்புகிறார், அதுதான் அவர் அனுப்புகிற முதல் பெட்டி. காலையிலிருந்து கேட்டருகே ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். தஸ்நேவிஸ் முன்னே ஏறினால் சூசை கீழே விழுவார்.

அறைக் கதவைத் தள்ளினேன். மேசை மேல் மக்ரூன் டப்பா. அண்ணாச்சி திரையைக் கொம்பாதிரி பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

“நான் மாட்டேன்னு சொல்லல கொம்பாதிரி. நீங்களே கண்ணால பாருங்க. இந்தா, ஒங்க நம்பர அடிக்கேன். இந்தா, மேல போடுதேன்.”

“அண்ணாச்சி, ஒரு நிமிசம்,” என்றேன்.

“இருளா. கொம்பாதிரிக்கு ஒரு காரியத்தக் காட்டிட்டு வாரேன்.”

அவர் திரையைப் பார்க்கவில்லை. கொம்பாதிரியின் முகத்தைத்தான் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, துக்க வீட்டுக்குப் போகிற முகத்தைத் தயாராக வைத்திருந்தார். அந்த முகம் புதிதாகச் செய்ததல்ல, பல தடவை போட்டுப் பழகியது. எனக்கு அப்போதுதான் ஏதோ புரிய ஆரம்பித்தது. அதற்குள் என்டரைத் தட்டிவிட்டார்.

“பாத்தியளா? நான் சொன்னேன்லா, இந்தச் சனியன்…”

“ஏறிட்டு கொம்பாதிரி,” என்றார் தஸ்நேவிஸ்.

திரையில் பச்சைப் பெட்டி. ‘மாற்றம் பதிவானது.’

அண்ணாச்சியின் துக்க முகம் அப்படியே நின்றது, ஆனால் இப்போது அது நிஜத் துக்கம். தஸ்நேவிஸ் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். “இத்தன வருசமா படுத்துக் கெடந்தது, எனக்குன்னு எழும்பிட்டு பாத்தியளா,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி இறங்கிப்போனார்.

கதவு சாத்திக்கொண்டது. அண்ணாச்சி ஃபேனைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

“ஏளா எஸ்தரு. இது ஏன் வேல செய்யுது?”

என் உத்தியோகம் முழுக்க ‘இது ஏன் வேலை செய்யவில்லை’ என்று கேட்டுத்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஏன் வேலை செய்கிறது என்று கோபப்பட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு எப்பம் தெரியும்?”

“மொத நாளே தெரியும். நான் தோணிக்காரன் மவன். சுக்கான் திரும்புதா, சும்மா சுத்துதான்னு கைக்குத் தெரியாதா?”

“பொறவு ஏன் ஒண்ணும் சொல்லல?”

“என்னன்னு சொல்ல? ஞாயித்துக்கிழம பூசைல பக்கத்துல நிக்கிற ஆளுட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. நான் நிம்மதியா இருந்தேன்.”

“அப்பம் ஜெயசீலன் சார ஏன் குஜராத்துக்கு அனுப்புனிய? அவியளும் இதத்தான செஞ்சாவ?”

“எடுத்ததுக்கா அனுப்புனேன்? எடுத்தத ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சான். நாலு கொம்பாதிரிமாரு வந்து, ஒங்க கம்ப்யூட்டர் பையன்ட்ட சொல்லித் திருப்பிப் போடச் சொல்லுங்கன்னு உக்காந்துட்டாவ. மனுசன் செஞ்சதுன்னா மனுசன் மாத்தலாம்லா? நீ யார்ட்டயும் மூச்சு விடல.”

இத்தனை வருடம் நான் தூக்கத்தைத் தொலைத்தது இதற்காகவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சிரிப்பும் வந்தது. அழுகையும் வரப் பார்த்தது, அதை மட்டும் அடக்கிக்கொண்டேன்.

“கீழவைப்பாரான் பெட்டி என்னாவும்?” என்று அவரே கேட்டார்.

“விழுந்துரும்.”

“பழையபடி மாத்து. கொம்பாதிரிக்கு ஒரு கடுதாசி எழுது.”

“என்னன்னு?”

“கம்ப்யூட்டர் கோளாறுன்னு.”

நான் இறங்கிவந்து வரிசையைப் பழையபடி மாற்றினேன். சூசையின் நண்டுகள் கப்பலின் கடைசி நேரத்துக்குள் துறைமுகத்துக்குள் போயின. பிறகு உட்கார்ந்து, ‘கம்ப்யூட்டர் கோளாறு காரணமாக’ என்று தொடங்கி எழுதினேன். அந்த வார்த்தைகளை அவ்வளவு ஆசையாக நான் எழுதியதே இல்லை. பொய்யும் இல்லையே, காலையில் ஒரு கார்டு செத்தது உண்மைதானே.

கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு மாடிக்குப் போனபோது அண்ணாச்சி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக் கொண்டிருந்தார். “மறுபடி எப்பம் கெட்டுப்போவும்?” என்றார்.

“புதுக் கார்டு வரணும். பழைய சர்வர ஸ்டாண்ட்பையா கட்டி, ஒங்க ரூம அதுக்கு மாத்தணும். ரெண்டு மூணு நாளாவும்.”

“அதுவரைக்கும் எனக்குக் காய்ச்சல்.”

கடிதம் கிடைத்ததும் தஸ்நேவிஸ் கோபத்தோடு இவர் வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறார். அண்ணாச்சி கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாராம். நோயாளியிடம் போய்க் கோபப்பட முடியுமா? கஞ்சிக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். நான் ஸ்டாண்ட்பையைக் கட்டி முடித்து, “அண்ணாச்சி, கெட்டுப்போச்சு,” என்று போன் செய்த மறுநாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது.

அண்ணாச்சி ஓய்வு பெற்றபோதும் அந்த வரியை நான் மாற்றவில்லை. நான் ஓய்வு பெற்றபோதும் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுது. அப்பம் நான் ஒல்லியா இருந்தேன்னு சேத்து எழுது,” என்றார். ஒல்லியாக இருந்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நேற்று பிரின்ஸி மறுபடியும் கூப்பிட்டாள்.

“மேனேஜர்ட்ட கேட்டேன் அக்கா.” இப்போதைய மேனேஜர், மிக்கேல் அண்ணாச்சியின் ஞானமகன்களில் ஒருவர்.

“என்ன சொன்னாவ?”

“ஃபேனப் பாத்தாவ. ‘ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா பாருங்க’ன்னாவ. கிளவுடுக்குப் போனாலும் தன் ரூமுக்கு ஒரு ஸ்டாண்ட்பை கண்டிப்பா வேணுமாம். அப்புறம் மேசைல இருந்த மக்ரூன் டப்பாவ எனக்கே குடுத்துட்டாவ. எனக்கு ஒண்ணுமே புரியல. அது தப்பு இல்லையா அக்கா?”

“மக்ரூன் நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்பம் அதத் தின்னுட்டு வேற வேலையப் பாரு,” என்றேன்.